ஒத்துழைக்காத நோயாளி

பெரிய சிஸ்டர் போடும் கட்டு அவிழாது, இறுகவும் செய்யாது. இரண்டு அங்குல ரோலர் பேண்டேஜை மணிக்கட்டில் இருமுறை சுற்றி, தோலுக்கும் துணிக்கும் நடுவே ஒரு விரல் நுழைய இடம் விட்டு, மிச்சத்தைக் கட்டிலின் பக்கக் கம்பியில் குறுக்காகச் சுற்றி முடிச்சிடுவார். எண்ணிப் பத்துக்குள் ஒரு கை முடிந்துவிடும், அடுத்த பத்துக்குள் இன்னொரு கை. ரத்த ஓட்டம் தடைபடாது. அவிழ்த்த பிறகு தோலில் தடம் இருக்காது. அதை முதன்முதலில் பக்கத்தில் நின்று பார்த்தபோது அந்த நேர்த்தியைத்தான் நான் கவனித்தேன். நான் பிரசவம் பார்க்கப் படித்த நர்ஸ். சுத்தமாகச் செய்யப்பட்ட வேலை என் கண்ணுக்குத் தப்பாது. அதற்குப் பிறகுதான் கட்டிலில் கிடந்தவளின் விரல்களைப் பார்த்தேன்.

டில்லியின் ஓர் அரசு மருத்துவமனையில் பெரிய சிஸ்டர் பிரசவ அறையின் பொறுப்பாளராக இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முப்பது வருடம் டில்லியில் இருந்தும் அவருடைய தமிழ் அசையவில்லை. ஹிந்தியைக்கூட அந்த இழுவையோடுதான் பேசுவார். அவருக்குக் கீழே நான் ஒன்றரை வருடம் வேலை செய்தேன். அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல எவ்வளவோ உண்டு. சிக்கலான பிரசவத்தில் அவர் கை பட்டால் டாக்டர்களே நிம்மதியாக மூச்சு விடுவார்கள். தன் டிபனில் இருந்த புளிச்சோற்றில் பாதியை எனக்கு எடுத்து வைக்காமல் சாப்பிட மாட்டார். இவற்றையெல்லாம் முதலிலேயே எழுதிவிடுகிறேன், மறைத்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது. எழுதிய பிறகும் அவர்மேல் எனக்கிருக்கும் கோபம் இம்மியும் குறையவில்லை.

நான் அவரை முதலில் பார்த்தது வேலைக்குச் சேர்ந்தபோது அல்ல, அதற்கு ஏழெட்டு வருடம் முன்னால். அப்போது எனக்குப் பதினேழு வயது. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம்; அப்பா மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர். அக்காவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவள் படித்த சிறப்புப் பள்ளியில் வகுப்பில் உதட்டசைவைப் படிக்கப் பழக்கினார்கள். இடைவேளையில் பிள்ளைகள் தங்களுக்குள் சைகை மொழி பழகிக்கொண்டார்கள். அவளிடமிருந்து அது எனக்கு வந்தது. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று அம்மாவைப் பற்றியே பேசிக்கொள்ள அதைவிட வசதியான மொழி கிடையாது. அக்கா வேகமாகப் பேசுவாள், நன்றாகக் கேலி செய்வாள். அவள் கையை நீட்டினால் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தயாராவேன்.

அவளுடைய தலைப்பிரசவம் ஒரு மே மாதப் பகலில். சொந்தக்காரர்கள் யாரும் உள்ளே போகக்கூடாது என்பது அந்த அறையின் விதி. கதவருகே நின்ற ஆயாவிடம், அக்காவுக்குக் காது கேட்காது, எனக்கு அவளுடைய மொழி தெரியும், ஒரு ஓரமாக நிற்கிறேன் என்று கெஞ்சினேன். "பாஹர் பைட்டோ" என்று அவள் வெளியே இருந்த பெஞ்சைக் காட்டினாள். எங்கள் தமிழைக் கேட்டு பெரிய சிஸ்டர் வெளியே வந்தார்.

"நம்ம ஊர்க்காரங்களா? ஒண்ணும் பயப்படாதீங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றார் அம்மாவிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "காது கேக்கலேன்னா என்னட்டி? பிள்ள காது வழியாவா வரப்போவுது?" என்றார்.

அம்மா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

நான்கு மணி நேரம் கழித்துக் குழந்தை இறந்து பிறந்தது என்றார்கள். ஆண் குழந்தை. கேஸ் ஷீட்டில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதியிருந்தார்கள்: நோயாளி ஒத்துழைக்கவில்லை, சொன்னதைச் செய்யவில்லை. அதன் கீழே கையெழுத்துப் போடச் சொன்னதும் அப்பா போட்டார். அரசாங்கக் காகிதத்தில் எங்கே கையெழுத்து கேட்டாலும் போட்டுப் பழகியவர் அவர். அந்த இரண்டு வரி மருத்துவமனையோடு நிற்கவில்லை. அக்காவின் மாமியார் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, "காதுதான் கேக்காதுன்னு தெரிஞ்சு கட்டினோம். முக்கக்கூடத் தெரியாதுன்னு யாரும் சொல்லலியே" என்றார். அக்கா அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடத்துக்குள் அவள் ஒரு பெட்டியோடு எங்களிடமே திரும்பி வந்தாள். விவாகரத்து மனுவிலும் அந்த இரண்டு வரி இருந்தது.

உள்ளே நடந்ததை அக்கா பிரசவம் முடிந்து மூன்று வாரம் கழித்துதான் என்னிடம் சொன்னாள். சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகச் சொன்னாள். பனிக்குடம் உடைந்ததும் தொடைக்கு நடுவே வழவழப்பாகக் கயிறுபோல் ஏதோ வெளியே வந்ததை உணர்ந்திருக்கிறாள். அதைக் காட்டக் கையை நீட்டியிருக்கிறாள். நீட்டிய வேகத்தில் ட்ரிப் ஊசி பிய்ந்து வந்துவிட்டது. பெரிய சிஸ்டர் ஊசியை மறுபடி ஏற்றி, அந்தக் கையைக் கட்டினார். மற்றக் கையால் சொன்னாள். அதையும் கட்டினார். அக்கா தலையை ஆட்டினாள், கத்தினாள். எல்லோரும் முகமூடி போட்டிருந்ததால் யார் என்ன சொல்கிறார்கள் என்றும் அவளுக்குத் தெரியவில்லை. டாக்டர் சுற்றுக்கு வந்து போர்வையை விலக்கிப் பார்த்தபோது வெளியே வந்திருந்த தொப்புள்கொடியில் துடிப்பு இல்லை.

சொல்லி முடித்துவிட்டு அக்கா கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், ஏதோ அழுக்கானதுபோல.

நர்ஸிங் படிக்கப்போகிறேன் என்று நான் சொன்னபோது அப்பா நல்ல வேலை என்று சந்தோஷப்பட்டார். படிப்பு முடிந்ததும் மூன்று மருத்துவமனைகளில் ஒப்பந்த வேலை கிடைத்தது. இரண்டு எங்கள் வீட்டுக்குப் பக்கம். நான் மூன்றாவதை எடுத்துக்கொண்டேன், அதிலும் பிரசவ அறைதான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பெரிய சிஸ்டருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "நம்ம பக்கத்துப் பிள்ளையா? வாட்டி வா, இந்த ஊர்க்காரிகளோட கத்திக் கத்தித் தொண்ட போச்சு" என்று சேர்த்துக்கொண்டார்.

என்ன செய்யப்போகிறேன் என்று அப்போது எனக்கே தெளிவில்லை. அவர் அக்காவின் முன்னால் நின்று நடந்ததைத் தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும், அந்த இரண்டு வரி அக்காவின் மேலிருந்து இறங்க வேண்டும். அவ்வளவுதான் மனதில் இருந்தது. அதற்குள் இரண்டாவது வாரத்திலேயே நான் செய்யக்கூடாததைச் செய்தேன். ஏழாம் கட்டிலில் ஒரு பெண் ட்ரிப் கையை உதறிக்கொண்டிருந்தாள். "ஜல்தி, கட்டு" என்று பெரிய சிஸ்டர் ரோலை என்னிடம் எறிந்தார். அந்தப் பெண்ணிடம் ஹிந்தியில் கேட்டேன், பதிலில்லை. பீஹார் கிராமத்திலிருந்து புதிதாக வந்தவள், ஹிந்தி பிடிபடவில்லை என்று நினைத்தேன். கட்டினேன். அவர் போட்ட மாதிரியே, ஒரு விரல் இடம் விட்டு. முடிச்சை இழுத்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் கட்டைவிரல் மட்டும் நிமிர்ந்து, எட்டாத வாயை நோக்கி வளைந்து வளைந்து அசைந்தது. தண்ணீர். அக்கா தண்ணீர் கேட்கும் அதே அசைவு. பெரிய சிஸ்டர் அடுத்த கட்டிலில்தான் நின்றார். அவர் அறையை விட்டுப் போகும்வரை நான் அவிழ்க்கவில்லை. பதினெட்டு நிமிடம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கணக்கு எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நான் காது கேளாத பெண்களைத் தேடிப் போனேன். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் போகும் சங்கத்தில் கர்ப்பமாக இருப்பவர்கள் என்னிடம் வந்தார்கள். பள்ளிக்கூடச் சைகையில் முக்குவதற்கோ நஞ்சுக்கொடிக்கோ பனிக்குடத்துக்கோ சொல் இல்லை, யாரும் அதைச் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. ஒவ்வொருத்தியோடும் உட்கார்ந்து நாங்களே முடிவு செய்தோம். அதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு, அக்காதான் அதை எனக்குச் சொன்னாள்: வலி உச்சத்துக்கு வரும்போது யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொள்வார்கள். கண்ணை மூடினால் காது கேளாதவளுக்கு உலகமே அணைந்துவிடும். அதனால் தொடுதலில் ஒரு மொழி வைத்துக்கொண்டோம். தோளில் இரண்டு தட்டு என்றால் முக்கு. உள்ளங்கையை மார்பில் அகலமாக வைத்தால் நிறுத்து, மூச்சு விடு. நெற்றியில் ஒரு விரல் என்றால் கண்ணைத் திற, சொல்ல வேண்டியிருக்கிறது. ட்ரிப்பை எப்போதும் அவள் பேசாத கையில் போடு. முகமூடியைக் கீழே இறக்கு. வெளிச்சம் உன் முகத்தில் விழும்படி நில், முதுகுக்குப் பின்னால் விழும்படி அல்ல.

ஆறாவது மாதம் அப்படி ஒரு பெண் நான் பகல் டியூட்டியில் இருக்கும்போது வந்தாள்; லாஜ்பத் நகரில் தையல் வேலை பார்ப்பவள். கட்டச் சொன்ன பெரிய சிஸ்டரிடம், "சிஸ்டர், இந்த ஒரு கேஸை எங்கிட்ட விட்டுடுங்க" என்றேன். ஏதோ நல்ல மனநிலையில் இருந்திருக்க வேண்டும், சரி என்று கையைக் கட்டிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார். ஃபீட்டோஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும்போது அதே வேகத்தில் அவள் மணிக்கட்டில் விரலால் தட்டினேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு என் விரலையும் தன் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள், முகம் முழுக்க விரிந்தது. வலிக்கு நடுவில் ஒற்றைக் கையால், "இவ்வளவு அவசரமா? அப்பனைப் போல" என்றாள். நான் சிரித்தேன். ஒரு குரல்கூட உயராமல் அந்தப் பிரசவம் முடிந்தது. பெண் குழந்தை, கிழிசல் இல்லை, தையல் இல்லை.

பெரிய சிஸ்டர் என் முதுகைத் தட்டினார். "நல்லாத்தான் கூத்து காட்டுதே, பிள்ளே. நான் ஒருத்திகிட்டயும் இப்பிடி செஞ்சதில்ல."

அன்றிரவு எனக்குக் கோபம் கொஞ்சம் தளர்ந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தெரியாமல் செய்தவர், இனித் தெரியும் என்று நினைத்தேன். ஆறு சைகைகளை ஒரு அட்டையில் படமாக வரைந்து பிரசவ அறைச் சுவரில் ஒட்டினேன். சங்கத்தில் எல்லோரிடமும் பயமில்லாமல் வாருங்கள் என்றேன்.

பிரசவ வலி என் டியூட்டி அட்டவணையைப் பார்த்து வருவதில்லை. அடுத்த வாரமே ஒருத்தி நான் விடுப்பில் இருந்த நாளில் வந்தாள். நான் சொல்லி அனுப்பியவள். தொடுமொழியை என்னோடு உட்கார்ந்து பழகியவள். மறுநாள் வார்டில் பார்த்தபோது என்னிடம் பேசவே இல்லை. இரண்டு மணிக்கட்டையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிழைத்த குழந்தை அவள் பக்கத்தில் தூங்கியது. நான் பிரசவ அறைக்குப் போனேன். சுவரில் அட்டை இல்லை.

"இன்ஸ்பெக்‌ஷன் வாராங்கல்ல, சுவரு சுத்தமா இருக்கணும்" என்றார் பெரிய சிஸ்டர்.

"அந்தப் பொண்ணை ஏன் கட்டினீங்க, சிஸ்டர்?"

"நீ இல்லியே பிள்ளே. நீ இருந்தா நீ பேசுவே. எனக்கு அந்தக் கூத்தெல்லாம் வராது. ரெண்டு நர்சு, பன்னெண்டு கட்டிலு. ட்ரிப் கழண்டா யாரு திரும்ப நரம்பு தேடுவா, ஒங்கப்பனா?"

அவர் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மை. ஆட்கள் போதாது, கட்டில்கள் அதிகம், நரம்பு கிடைப்பது கஷ்டம். ஆனால் வேறு வழி இருப்பதைப் பக்கத்தில் நின்று தன் கண்ணால் பார்த்து, முதுகைத் தட்டிப் பாராட்டி, ஏழே நாளில் மறுபடி ரோலை எடுத்தவர் அவர். அறியாமை என்ற ஒரே கதவு அவருக்குத் திறந்திருந்தது. அன்று அது சாத்திக்கொண்டது. நான் தாழ் போட்டேன்.

நீள நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டேன். தேதி, கட்டில் எண், எந்தக் கை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கட்டியவர், கட்டச் சொன்னவர், பார்த்தவர். காது கேட்பவர்களையும் சேர்த்தேன், அவர்களையும்தான் கட்டினார்கள். அடுத்த பத்து மாதம் ஒரு நாள் விடாமல் எழுதினேன். எழுதிக்கொண்டே அவருடைய புளிச்சோற்றில் பாதியையும் சாப்பிட்டேன். "ஒனக்கு ஒரு நல்ல மாப்பிள்ள பாக்கணும்டி" என்பார். "பாருங்க, சிஸ்டர்" என்பேன். என் முகத்தில் எதுவும் தெரியாது. நர்ஸ் வேலைக்கு அது நல்ல குணம் என்று எல்லோரும் சொல்வார்கள்.

நோட்டு நிறைந்ததும் அக்காவிடம் காட்டினேன். மருத்துவக் கண்காணிப்பாளரிடம் புகார் கொடுக்கப்போகிறேன், விசாரணை வைப்பார்கள், நீ வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றேன். அவளுக்கு விருப்பமில்லை. பழைய கதை, விடு என்றாள். நான் விடவில்லை. "இது உனக்காகவா, எனக்காகவா?" என்று கேட்டாள். இரண்டுக்கும் என்றேன். அவள் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்தாள். ஏழாம் கட்டில் என்று பழைய தேதியிட்டு நான் எழுதியிருந்த வரியில் அவள் விரல் நின்றது. கட்டியவர் என்ற பத்தியில் என் பெயர். பதினெட்டு நிமிடம். அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை. பிறகு இரண்டு நிபந்தனை சொன்னாள். "நான் பேசுவேன், நீ குரல் மட்டும். ஒரு சொல் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. இன்னொன்று, அங்கே முதலில் இதைப் படி." விரல் அந்த வரியிலேயே இருந்தது.

விசாரணைக் குழுவில் மூன்று அதிகாரிகள். மேசைக்கு ஒரு பக்கம் பெரிய சிஸ்டர், மறுபக்கம் நானும் அக்காவும். அக்காவைப் பார்த்த பிறகும் அவருக்கு நினைவு வரவில்லை. நான் நோட்டைத் திறந்து முதலில் என் வரியைப் படித்தேன். தன்னை விட்டுவிட்டு எழுதிய புகார் என்று தள்ளிவிட இனி வழியில்லை. பிறகு மற்றவற்றைத் தேதி வரிசையில் படித்தேன். முடித்ததும் பெரிய சிஸ்டர் எழுந்து அதிகாரிகளிடம் ஹிந்தியில் கத்தினார்: "சாப், இவள் பழிவாங்க வந்தவள். கூடவே உட்கார்ந்து என் சோற்றைத் தின்றவள்."

"ஆமாம் சார்" என்றேன். "பழிவாங்கத்தான் வந்தேன். சோறும் தின்றேன். இதில் எந்த வரி பொய் என்று சொல்லச் சொல்லுங்கள்."

பெரிய சிஸ்டர் உட்கார்ந்துவிட்டார். அக்கா பேச ஆரம்பித்தாள். நடுவிலிருந்த அதிகாரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மேசையை ஓங்கித் தட்டினாள். "என்னைப் பாருங்கள். இவள் வெறும் குரல்" என்றாள், அதையும் நான் அப்படியே சொன்னேன். சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்கள் என்றார் அவர். சொன்னேன். "அன்றும் அவசரம் என்றுதான் கட்டினார்கள்" என்றாள். பிறகு யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கயிறுபோல் வெளியே வந்தது என்று அவள் கைகள் காட்டிய இடத்தில் பெரிய சிஸ்டரின் முகம் மாறியது. அவர் கைதேர்ந்த பிரசவ நர்ஸ். அது என்ன என்று அந்த அறையில் என்னைத் தவிர அவருக்கு மட்டுமே உடனே தெரியும். அக்கா கையை நீட்டியது ஊசியைப் பிடுங்க அல்ல, கொடி இறங்கிவிட்டது என்று சொல்ல. அந்த நிமிடமே பார்த்திருந்தால் குழந்தை பிழைத்திருக்கலாம் என்பதும் தெரியும். அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் அத்தனை வருடம் காத்திருந்தேன். எனக்குத் திருப்தியாக இருந்தது. இன்றும் நினைத்தால் திருப்தியாகத்தான் இருக்கிறது.

உத்தரவு ஒரு மாதத்தில் வந்தது. அந்த அறையில் இனி யார் கையும் கட்டப்படக்கூடாது. காது கேளாத பெண்ணோடு அவள் மொழி தெரிந்த ஒருவரை உள்ளே விட வேண்டும். பெரிய சிஸ்டர் ஓய்வுபெறும்வரை துணிக் கிடங்கில் இருப்பார், விரிப்புகளை எண்ணிக்கொண்டு. என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கட்டியவர் பத்தியில் என் பெயரும் இருந்ததே. பழைய கேஸ் ஷீட்டைத் திருத்த விதியில்லை என்றார்கள், ஆனால் நோயாளி ஒத்துழைத்தார், அவர் சொன்னதை மருத்துவமனைதான் கேட்கவில்லை என்று குழு எழுதிய தாளை அதோடு சேர்த்துத் தைத்தார்கள். அக்கா அதன் நகலை ஒரு உறையில் போட்டு, ஒரு வரிகூடச் சேர்க்காமல், பழைய மாமியார் வீட்டுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். பெற்றுக்கொண்டதற்கான அட்டை மாமியாரின் கையெழுத்தோடு திரும்பி வந்தது. நான் இப்போது டில்லியிலேயே துவாரகாவில் ஒரு சிறிய பிரசவ மனையில் வேலை செய்கிறேன். காது கேளாத பெண்கள் மெட்ரோ பிடித்து வருகிறார்கள். துடிப்பை மணிக்கட்டில் தட்டிக் காட்டும்போது ஒவ்வொருத்தி முகமும் விரிகிறது. ஒவ்வொரு முறையும் அக்காவுக்கு அதை யாரும் தட்டிக் காட்டவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். மன்னித்துவிடு, மனம் லேசாகும் என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். என் மனம் பாரமாக இல்லை.

உத்தரவின் நகலை வாங்க நாங்கள் போயிருந்த அன்று, அலுவலகத்துக்கு வெளியே இருந்த பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள், நான் பக்கத்தில் நின்றேன். பெரிய சிஸ்டர் வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து மெல்ல நடந்து வந்தார். அக்காவின் முன்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினார். அவள் உதட்டைப் படிக்கட்டும் என்று ஒவ்வொரு எழுத்தாக இழுத்து, "மன்னிச்சிரு, தாயி" என்றார். கண்ணில் நீர் நின்றது, நடிப்பில்லை. அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கைகள் மடியில் கிடந்தன. ஒரு விரல்கூட அசையவில்லை.

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்காளே" என்று என் பக்கம் திரும்பினார். "பதில் சொல்லச் சொல்லு பிள்ளே. திட்டுனாலும் சரி."

"யாரும் கட்டி வைக்கல, சிஸ்டர். சொல்லணும்னா சொல்லுவா."

அவர் காத்திருந்தார். பிறகு அக்கா எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, அவருக்கு நேர் முன்னாலேயே என்னைப் பார்த்துக் கையை அசைத்தாள்: பஸ் போய்விடும், நட.

"என்ன சொல்லுதா? என்னட்டி சொல்லுதா அவ?" பெரிய சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

விசாரணையில் ஒரு சொல் விடாமல் குரல் கொடுத்தவள் நான். அவர் விரல்களை ஒவ்வொன்றாக என் மணிக்கட்டிலிருந்து விலக்கினேன். அதை மட்டும் நான் அவருக்குச் சொல்லவில்லை.